ஐம்பத்து மூன்றாம் வயதில் சைக்கிள்

சைக்கிள் விடப் பழகுவதற்கு உகந்த பிராயம் எது என்று கேட்டால், எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே என்று நம் ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். அந்த வயதில் கால் எட்டாது, எட்டாவிட்டால் பாதகமில்லை. பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போடலாம். விழுந்தால் முழங்காலில் சிராய்ப்பு, வாடகை சைக்கிள் கடைக்காரரிடம் வசவு, வீட்டில் முதுகில் ஓர் அறை. மூன்றும் இரண்டு நாளில் ஆறிப் போகும். நான் அப்படித்தான் பழகினேன். கோணிப்போன ஹாண்டில் பாரைக் கடைக்காரர் பார்ப்பதற்கு முன் நிமிர்த்துவதற்கு நான் பட்ட பாட்டில் பாதி பட்டிருந்தால் கணக்குப் பாடத்தில் தேறியிருப்பேன்.

ஐம்பது வயதுக்கு மேல் பழகுவது வேறு சமாசாரம். எலும்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அத்தனை வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த கௌரவம் அல்லவா ஸீட்டில் ஏறி உட்கார்ந்து ஆட்டம் காண்கிறது? பேரன் பேத்திகளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டிய வயதில் ஒருவர் நடுத் தெருவில் இரும்பு வண்டியோடு மல்யுத்தம் செய்தால் தெரு சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? அதிலும் அவர் ஒரு ஸ்திரீயாக இருந்து, காலமும் விக்டோரியா ராணியின் காலமாக இருந்தால்?

அப்படி ஒருவர் இருந்தார். பிரான்ஸிஸ் வில்லார்டு என்று பெயர். அமெரிக்கர். பொழுதுபோகாமல் சைக்கிள் ஏறியவர் அல்ல. அமெரிக்காவின் மாதர் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கத்துக்கு 1879-ஆம் ஆண்டு முதல் தலைவி. லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர்கள் அவர் சொல்லுக்குக் காத்திருந்தார்கள். மதுவிலக்கு என்று ஆரம்பித்த சங்கத்தைப் பெண்களுக்கு வாக்குரிமை, பெண் குழந்தைகளின் பாதுகாப்பு, தொழிலாளர் நலம் என்று எல்லாத் திசைகளிலும் இழுத்துக்கொண்டு போனவர். ரயிலில் ஏறி ஊர் ஊராகப் பிரசங்கம் செய்வதே அவருடைய ஜீவிதம். இப்பேர்ப்பட்டவர், ஐம்பத்து மூன்று வயதில் நான் சைக்கிள் பழகினேன் என்று ஒரு சிறு புத்தகமே எழுதி 1895-இல் வெளியிட்டார். அதற்குச் ‘சக்கரத்துக்குள் ஒரு சக்கரம்’ என்று பெயர். பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தரிசனத்திலிருந்து எடுத்த பெயர் அது. தீர்க்கதரிசனத்துக்கும் சைக்கிளுக்கும் முடிச்சுப் போட அந்த அம்மாளுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

அவருடைய கதையைச் சிறு வயதிலிருந்து சொன்னால்தான் சைக்கிளின் அருமை புரியும்.

1839-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயதாகும்போது குடும்பம் ஓபர்லின் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஸ்திரீகளையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி இருந்தது. தகப்பனார் அங்கே படிக்கப் போனார். கைக்குழந்தைக்காரியான தாயாரும் கூடவே வகுப்புக்குப் போனார். அப்போது தாயாருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல். இந்தத் தாயாரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு விஸ்கான்ஸின் மாநிலத்தில் ஒரு பண்ணை வாழ்க்கை. அங்கே சிறுமி பிரான்ஸிஸுக்குத் தலைமயிரைப் பையனைப் போல் கத்தரித்திருந்தார்கள். ‘பிராங்க்’ என்றே கூப்பிட்டார்கள். மரம் ஏறுவாள், தச்சு வேலை செய்வாள். குதிரையில் ஏற மட்டும் தகப்பனார் அனுமதி தரவில்லை. குதிரை கிடைக்காவிட்டால் என்ன என்று பண்ணையிலிருந்த ஒரு பசுவைப் பழக்கி அதன்மேல் சவாரி செய்தாள் பெண்! மனசு இளகிப் பிற்பாடு தகப்பனார் குதிரைக்குச் சம்மதித்தார் என்று கதை.

இந்த ஆனந்தம் பதினாறு வயதோடு முடிந்தது. அன்றைய வழக்கப்படி கூந்தலை முறுக்கிக் கொண்டை போட்டார்கள். அதில் பதினெட்டு ஊசிகள் செருகியிருந்ததை அவளே எண்ணி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறாள். தரையைப் பெருக்கும் நீளப் பாவாடை, இடுப்பை நெரிக்கும் கச்சு, உயரமான குதி வைத்த பாதரட்சை. பாவாடை காலைத் தடுக்கியது, தலை வலித்தது. ஓடித் திரிந்த கால் அன்று நின்றதுதான். பிறகு ஏறத்தாழ நாற்பது வருஷ காலம் நாற்காலி, மேஜை, ரயில் பெட்டி, மேடை.

நம் வீடுகளில் இதைப் பார்த்திராதவர்கள் யார்? கொல்லைப்புறத்து மாமரத்தில் உச்சிக் கிளையில் இருக்கும் பெண்ணை ஒரு நாள் கீழே இறக்கித் தாவணி போட்டு உள்ளே உட்கார்த்தி வைக்கிறோம். அவள் இறங்கி வந்த முகத்தைத்தான் நாம் பார்ப்பதில்லை.

கொண்டை போட்ட பிரான்ஸிஸ் படித்தார், உபாத்தியாயினி ஆனார். தங்கை மேரி பத்தொன்பது வயதில் க்ஷயத்தில் போனாள். ஒரு கல்யாண நிச்சயம் நடந்து முறிந்தது. சிகாகோவுக்கு அடுத்த எவான்ஸ்டன் ஊரில் 1871-இல் பெண்கள் கல்லூரித் தலைவியானார். அந்தக் கல்லூரி பக்கத்துச் சர்வகலாசாலையோடு 1873-இல் இணைந்தபோது, புதிதாக வந்திருந்த சர்வகலாசாலைத் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? முறிந்துபோன அந்தக் கல்யாண நிச்சயத்தின் மாப்பிள்ளை! நாவலில் நான் இப்படி எழுதினால், செயற்கையாக இருக்கிறது என்று நீங்களே எனக்குக் கடிதம் போடுவீர்கள். அதிகாரம் யாருக்கு என்ற சச்சரவில் 1874-இல் அம்மையார் வேலையை விட்டார். அந்த ஆண்டிலேயேதான் மதுவிலக்குச் சங்கம் பிறந்தது; அவர் அதற்குக் காரியதரிசி ஆனார்.

அதன்பின் நடந்தவையெல்லாம் சரித்திரப் புத்தகங்களில் இருக்கின்றன. நான் அவற்றைத் தாண்டி 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துக்கு வருகிறேன். அந்த மாதம் அவருடைய தாயார் காலமானார். வயது எண்பத்தேழு, கல்யாணச் சாவு என்று நாம் சொல்லக் கூடியதே. ஆனால் விவாகம் செய்துகொள்ளாத மகளுக்கு அந்தத் தாயார்தான் குடும்பம். தகப்பனார், தங்கை, தமையன் எல்லோரும் முன்னமே போய்விட்டார்கள். தைரிய லக்ஷ்மி என்று நாம் சொல்வதுபோல் தாயாருக்கு ஒரு செல்லப் பெயர் வைத்து அழைத்துக்கொண்டிருந்தவர், அந்தத் தைரியம் வீட்டில் இல்லாமல் போனதும் இடிந்துபோனார். தேகமும் கெட்டது. இரத்தம் சுண்டிப்போகும் சோகை நோய் என்றார்கள். 1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, அவர் வீட்டு வாசலிலேயே அவருடைய உலக மாநாடு கூடியது. தலைவியால் வர முடியவில்லை. இங்கிலாந்தில் சிநேகிதியின் வீட்டில் சிகிச்சையில் இருந்தார்.

அந்தச் சிநேகிதி ஹென்றி சோமர்ஸெட் சீமாட்டி. ஈஸ்ட்நர் கோட்டைக்கும் ரைகேட் மாளிகைக்கும் சொந்தக்காரி. கணவனின் நடத்தை பிடிக்காமல் பிரிந்து, மகனைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வழக்காடி ஜயித்தவர். அதற்குத் தண்டனையாகப் பிரபுக்களின் சமூகம் இவரை ஒதுக்கி வைத்தது. ஒதுக்கப்பட்டவர் மதுவிலக்கு வேலையில் இறங்கினார். துக்கத்தின் ருசி தெரிந்தவர் ஆகையால், இடிந்து வந்த சிநேகிதிக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்.

இங்கே சைக்கிளைப் பற்றி இரண்டு வார்த்தை. அதற்குப் பத்து வருஷம் முன்பு வரை சைக்கிள் என்றால் ஆள் உயர முன் சக்கரமும் தட்டளவு பின் சக்கரமும் உள்ள ராக்ஷஸ வண்டி. சற்றே கல் தடுக்கினாலும் சவாரி செய்பவர் தலைகுப்புற முன்னால் போய் விழுவார். வாலிபர்களின் வீர விளையாட்டு அது. மார்க் ட்வெயின் நாற்பத்தெட்டு வயதில் இந்த ராக்ஷஸனிடம்தான் போய் மாட்டிக்கொண்டு, வாங்கிய அடிகளைப் பிற்பாடு ஒரு ஹாஸ்யக் கட்டுரையாக மாற்றிக்கொண்டார். 1885-இல் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, பின் சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும்படியாக ‘ரோவர்’ வண்டியைக் கொண்டு வந்தார். மூன்று வருஷம் கழித்து பெல்பாஸ்டில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர், தம் பிள்ளையின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் போக வேண்டுமென்று காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தார். வண்டி தரைக்கு இறங்கியது. பெண்கள் ஏறலாம் என்றாயிற்று. ஏறிய உடனே வைத்தியர்கள் கிளம்பிவிட்டார்கள். ‘சைக்கிள் முகம்’ என்று ஒரு வியாதி வரும், கண் பிதுங்கித் தாடை இறுகி அழகு போய்விடும் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அந்த வியாதி வந்தவரை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

வில்லார்டு அம்மையார் எவான்ஸ்டனிலேயே ஒரு பள்ளி ஆசிரியையிடம் சில பாடம் கேட்டிருந்தார். சிகாகோவில் நிலவறை போன்ற ஓர் இடத்தில் மூச்சு முட்டச் சிறிது பழகியிருந்தார். மற்ற சிநேகிதர்கள் எல்லோரும் ‘இந்த வயதில் எதற்கு?’ என்றவர்கள்தாம். இங்கிலாந்தில்தான் வைராக்கியம் பிறந்தது. சீமாட்டி கொடுத்த வண்டி தம் தேகத்தையும் மனத்தையும் குளிர்விக்க வந்தது என்று அதற்குக் ‘கிளாடிஸ்’ என்று பெயர் வைத்தார். ஆனந்தி என்று நாம் வைத்துக்கொள்ளலாம். கணுக்கால் தெரியும்படி தரையிலிருந்து மூன்று அங்குலம் உயர்த்தித் தைத்த பாவாடை, கழுத்தை இறுக்காத சட்டை, வைக்கோல் தொப்பி. அந்த மூன்று அங்குலம் பதினாறாவது வயதில் பறிபோனதில் திரும்பி வந்த பாகம்.

முதல் நாள் பலசாலியான மூன்று ஆங்கிலேய வாலிபர்கள் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இவர் நடுங்கிக்கொண்டே ஏறினார். பிறகு இரண்டு பெண்கள் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்தார்கள். பிறகு ஒருவர் போதும் என்றாயிற்று. தினம் கால் மணி நேரம். அதற்கு மேல் தேகம் இடங்கொடுக்கவில்லை. மூன்று மாதம். முதலில் மிதிப்பது, அப்புறம் திரும்புவது, அப்புறம் இறங்குவது, கடைசியில் யார் துணையுமின்றி ஏறுவது. கணக்குப் பார்த்தால் மொத்தம் இருபத்திரண்டரை மணி நேரப் பாடம். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் வண்டி ஆடுகிறது, தூரத்தில் கண்ணை வைத்தால் நேராகப் போகிறது என்று கண்டார். சக்கரம் ஆடுவதற்கு முன்னால் மனசு ஆடிவிடுகிறது என்றும் கண்டார். நாட்டையே ஆட்டி வைத்த பிரசங்கி, எந்தக் கையை எப்போது எடுப்பது என்று இருபது வயதுப் பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தார்!

எனக்கு அவர் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தாயார் போன துக்கத்துக்கு ஆறுதல் சொல்ல உலகத்தில் ஆயிரம் பேர் அவருக்கு இருந்தார்கள். எல்லோரும் அவரைத் தலைவி என்று கூப்பிட்டுக்கொண்டே ஆறுதல் சொன்னவர்கள். கிளாடிஸுக்கு அவர் தலைவி என்பது தெரியாது. சமநிலை தவறினால் கீழே தள்ளிவிடும். அத்தனை வருஷத்துப் புகழ் அங்கே செல்லாக் காசு. ஒன்றும் தெரியாதவளாக மறுபடி ஆரம்பிக்க ஓர் இடம் கிடைத்ததே, அது ஆறுதல் வார்த்தைகளால் முடியாத காரியத்தைச் செய்தது என்று நான் நினைக்கிறேன். ஏன் பழகினேன் என்பதற்கு அவரே பல காரணங்கள் சொல்கிறார்: சாகசத்தில் ஆசை, பெண்களுக்கு உலகம் விரிய வேண்டும், புதிய சக்தி ஒன்று கைக்கு வர வேண்டும். கடைசியில் ஒளிக்காமல் இன்னொன்றும் சொல்கிறார்: இந்த வயதில் இவளால் முடியாது என்று பலர் நினைத்தார்களாம்!

ஒரு ஜனவரி மாதம் 20-ஆம் தேதி, பக்கத்தில் ஒருவரும் நிற்காமல், தாமே ஏறித் தாமே ஓட்டிப் போனார். அந்தத் தேதியைப் புத்தகத்தில் விசேஷமாகக் குறித்து வைத்திருக்கிறார்.

தாங்கிப் பிடித்த அந்தக் கைகளைப் பற்றி எழுதும்போது நம் புதுக்கோட்டை ஞாபகம் வராமல் இருக்காது. வில்லார்டு கிளாடிஸைப் பழகி ஏறக்குறைய நூறு வருஷத்துக்குப் பிறகு, 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை செய்த பெண்களும் வயல் வேலைப் பெண்களும் ஆயிரக் கணக்கில் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதிய அளவு கிடைக்காததால் ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். பார் இருக்கிற வண்டியே மேல், குழந்தையை அதில் உட்கார்த்திக்கொள்ளலாம் என்று சொன்னவர்களும் உண்டு. பார்த்தவர்கள் கேலி பேசாமல் இல்லை. பேசப் பேசப் பழகிவிட்டார்கள்.

மறுபடி இங்கிலாந்துக்கு வருவோம். அம்மையாரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லி முடித்தால் சரித்திரத்துக்குத் துரோகம். சைக்கிள் பழகிய அதே காலத்தில் அங்கே ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பு மனிதர்களைக் கும்பல் கூடி அடித்துக் கொல்லும் கொடுமையை ஊர் ஊராக எடுத்துச் சொன்னார். 1890-இல் வில்லார்டு ஒரு பத்திரிகைப் பேட்டியில் கறுப்பு மக்களைக் குடிக்கும் குற்றத்துக்கும் இலக்கானவர்களாக இழித்துப் பேசியிருந்தார். அதை வெல்ஸ் 1894-இல் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றில் மறுபடி அச்சில் ஏற்றினார். வில்லார்டும் சீமாட்டியும் சமாதானம் சொன்னார்கள். கும்பல் கொலையை எதிர்ப்பதாகவும் சொன்னார்கள். ஆனால் ‘நான் சொன்னது தவறு’ என்ற எளிய வாக்கியம் முழுசாக வரவில்லை. கடினமான பாடத்தைத் தினம் கால் மணி நேரம் உட்கார்ந்து கற்றவர்தான். இந்தப் பாடத்துக்கு வந்த உபாத்தியாயினி முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூடிய ஒரு பெண். அவரிடம் கற்றுக்கொள்ள மனசு வரவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில் இன்னொரு மூலையிலும் ஒரு கிழவர் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தார். அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். டால்ஸ்டாய்!

1895-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் டால்ஸ்டாயின் கடைசிப் பிள்ளை வானெச்கா செங்காய்ச்சலில் இறந்தான். ஏழு வயது நிறையவில்லை. பதின்மூன்று குழந்தைகளில் தகப்பனாரின் நம்பிக்கை எல்லாம் அவன்மேல்தான். தாயார் சோபியா இடிந்துபோய்ச் சங்கீதத்தில் அடைக்கலம் புகுந்தார். அந்தச் சங்கீதத்தால் வீட்டில் விளைந்த புயல் தனிக் கதை. டால்ஸ்டாயோ அந்த வசந்த காலத்தில், அறுபத்தாறு வயதில், மாஸ்கோவின் குதிரை லாயக் கொட்டகைக்குப் போய்ச் சைக்கிள் பழகினார். நீண்ட தாடி, குடியானவர் சட்டை. ‘புத்துயிர்’ நாவல் வெளிவர இன்னும் நாலு வருஷம் இருந்தது. சீடர்களில் ஒருவருக்கு இது சகிக்கவில்லை. குரு போதிக்கும் எளிய வாழ்வுக்கும் இந்த விளையாட்டுக்கும் பொருத்தமில்லை என்றார். டால்ஸ்டாய் நாட்குறிப்பில் இதை எழுதிவிட்டு, தமக்கு வெட்கமில்லை, இது பாவமில்லாத ஒரு பித்து, குழந்தை விளையாட்டு, பார்ப்பவர் என்ன நினைத்தால் என்ன என்ற கருத்தில் நாலு வரி எழுதியிருக்கிறார்.

பிள்ளையைப் புதைத்து இரண்டு மாதத்துக்குள் விளையாட்டா என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். இன்றும் கேட்கலாம். நான் கேட்கமாட்டேன். இரவெல்லாம் விழித்திருந்த மனிதனுக்கு, அரை மணி நேரம் கீழே விழாமல் இருப்பது ஒன்றே கவலையாக இருப்பது எப்பேர்ப்பட்ட இளைப்பாறுதல் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

வில்லார்டு அம்மையாருக்கு அதன்பின் கிடைத்தது நாலு வருஷந்தான். நோய் போய்விடவில்லை, விட்டு விட்டு வந்தது. ஆனாலும் 1894-இல் அமெரிக்கா திரும்பிச் சங்கத்தை நடத்தினார், பிரசங்கம் செய்தார், பெண்களைச் சைக்கிள் ஏறச் சொல்லிப் புத்தகம் போட்டார். சைக்கிள் விடும் வாலிபன் சாராயக் கடையில் உட்காரமாட்டான் என்று அதில் மதுவிலக்கையும் சேர்த்துக்கொள்ள மறக்கவில்லை. 1898 பிப்ரவரி 17-ஆம் தேதி நியூயார்க் நகர ஹோட்டல் ஒன்றில், விஷக் காய்ச்சலில், ஐம்பத்தெட்டு வயதில் காலமானார். 1905-இல் அமெரிக்கப் பார்லிமெண்டுக் கட்டடத்தின் சிலை மண்டபத்தில் அவர் சிலையை வைத்தார்கள். அந்த மண்டபத்தில் ஒரு ஸ்திரீக்கு வைத்த முதல் சிலை அதுவே. பிரசங்க மேடையருகே, தரையைத் தொடும் நீளப் பாவாடையுடன் நிற்கிறார்.

டால்ஸ்டாயின் சைக்கிள் மாஸ்கோவில் அவர் குடியிருந்த வீட்டில் பத்திரமாக இருக்கிறது. எவான்ஸ்டனில் தாயாரும் மகளும் வாழ்ந்த வீட்டையும் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். கிளாடிஸ் அங்கே நிற்கிறாள்.